வால்வா, டைமிங்கா: சிறு எஞ்சினில் பழுதைப் பிரித்தறிதல்

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று முடிக்கும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று முடிக்கிறது. 1876-இல் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஓட்டோ இயக்கிக் காட்டிய எஞ்சின் முதல் இன்றைய 100 சி.சி. பைக் வரை இந்தக் கணக்கு மாறவில்லை. கேம் சுற்றும் அந்த ஒரு சுற்றுக்குள் இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் தலா ஒருமுறை திறந்து மூட வேண்டும். கம்ப்ரஷன் முடியும் தறுவாயில் பிளக்கில் பொறி விழ வேண்டும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, வெளியேற்றுவது ஆகிய நான்கு வேலையும் 20 மில்லி நொடியில் முடிந்தாக வேண்டும். எது எப்போது நடக்க வேண்டும் என்ற இந்த ஒழுங்குக்குப் பட்டறைப் பெயர் டைமிங்.

டைமிங் தவறினாலும் வால்வு கெட்டாலும் வண்டிக்காரர் சொல்லும் குறை ஒன்றுதான்: ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, மேடு ஏற இழுவை இல்லை, கார்புரேட்டர் வழியே துப்புகிறது, சைலன்ஸரில் வெடிக்கிறது. இரண்டும் தொடர்பற்ற பழுதுகளும் அல்ல. டைமிங் தவறியதால் வால்வு வளைந்திருக்கலாம். வால்வு கைடில் இறுகியதால் புஷ் ராடு வளைந்து வால்வின் இயக்கமே குலைந்திருக்கலாம். ஆகவே பழுதறிதல் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். கெட்டது எது என்பது முதல் கேள்வி. அது கெடக் காரணம் எது என்பது இரண்டாவது. முதல் கேள்வியோடு நிறுத்தி எஞ்சினைப் பூட்டினால் அதே பழுது சில மாதங்களில் திரும்பி வரும்.

இந்தியச் சாலைகளில் இந்தச் சிக்கல் பரவலானது நான்கு ஸ்ட்ரோக் பைக்குகளோடுதான். 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 இதில் ஒரு திருப்பம். அதற்கு முன் பெருவாரியாக ஓடிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இத்தகைய வால்வுகளே கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடும். தமிழ்நாட்டில் மூட்டை சுமக்கும் மொபெட்டுகள்கூட 2015-இல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வந்தபின் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறின. டேப்பட் என்ற சொல்லே தேவைப்படாத வண்டியை ஓட்டியவர்கள், டேப்பட் பார்க்க வேண்டிய வண்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அமைப்பைப் பொறுத்தே சந்தேகம்

எந்த இடத்தைச் சந்தேகிப்பது என்பதை எஞ்சினின் அமைப்பு முடிவு செய்கிறது. பைக், ஸ்கூட்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் கேம் ஷாஃப்ட் மேலே ஹெட்டில் இருக்கும். கீழே கிராங்கிலிருந்து டைமிங் செயின் அதைச் சுற்றும். செயின் தேயும், தளரும். டென்ஷனர் சோர்ந்தால் பல் தாண்டும். இவ்வகையில் டைமிங் ஓட்டத்திலேயே தவற வாய்ப்பு உண்டு.

தண்ணீர் பம்பு, பவர் வீடர், ஜெனரேட்டர் ஆகியவற்றில் வரும் எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் கீழே கிராங்க் கேஸுக்குள் இருக்கும். கிராங்க் கியரும் கேம் கியரும் நேரடியாகப் பல் கோத்து ஓடும். புஷ் ராடு வழியாக மேலே உள்ள ராக்கர் ஆர்ம் அசையும். உலகெங்கும் புழங்கும் ஹோண்டா ஜி.எக்ஸ். 160 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவ்வகையில் பல் உடைந்தாலொழிய வால்வு டைமிங் தானாகத் தவறாது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர் கியர் குறிகளைச் சேர்க்கத் தவறியிருந்தால்தான் உண்டு. இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியவை டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே விடும் இடம்), கைடில் இறுகிய வால்வு, வளைந்த புஷ் ராடு, ஃப்ளைவீல் சாவி ஆகிய நான்கும்தான்.

பொறியின் டைமிங் தனிக் கணக்கு. ஃப்ளைவீலில், பட்டறை மொழியில் மேக்னட்டில், உள்ள காந்தமோ மேடோ பிக்கப் காயிலைக் கடக்கும் கணமே பொறிக்கு ஆதாரம். ஃப்ளைவீலைக் கிராங்கில் சரியான நிலையில் பொருத்துவது ஒரு சிறு அரைவட்டச் சாவி. அந்தச் சாவி வெட்டுப்பட்டால் வால்வு டைமிங் அப்படியே இருக்க, பொறி மட்டும் இடம் மாறும். ஓடும் எஞ்சின் கல்லிலோ வேரிலோ மோதிச் சட்டென்று நிற்கும்போது கிராங்க் நின்றுவிடும். கனமான ஃப்ளைவீல் தன் வேகத்தில் சற்று முன்னே நகர்ந்துவிடும். அதன்பின் பொறி முந்தி விழும். கிக்கர் காலையும் கயிறு கையையும் திருப்பி அடிக்கும். புல்வெட்டும் எஞ்சின்களில் கத்தி நேராகக் கிராங்கிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் இது அடிக்கடி நேர்கிறது.

வால்வு கெடும் வழிகள்

எரியும் வால்வு பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வுதான். இன்லெட் வால்வு ஒவ்வொரு முறையும் குளிர்ந்த பெட்ரோல் கலவையில் நனைகிறது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்த வாயுவில் குளிக்கிறது. அதன் தலை நல்ல பாரத்தில் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெப்பத்தின் பெரும்பங்கு வால்வு மூடியிருக்கும்போது சீட் வழியாகவே ஹெட்டுக்குள் இறங்குகிறது. மீதி தண்டு வழியாகக் கைடுக்குப் போகிறது. ஆகவே வால்வு சீட்டில் முழுவட்டமாக உட்கார வேண்டியது அழுத்தம் கசியாமல் இருப்பதற்கு மட்டும் அன்று, வால்வு உயிரோடு இருப்பதற்கும் அதுவே வழி. ஒரு மயிரிழை அளவு உட்காராத இடத்தில் எரிவாயு ஊதுலைபோல் பாயும். முதலில் ஒரு கோடு விழும், பிறகு அது பள்ளமாகும், கடைசியில் விளிம்பே கரைந்து போகும்.

டேப்பட் இடைவெளியின் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது. சிறிய பைக்குகளில் இந்த இடைவெளி பொதுவாக 0.05 முதல் 0.15 மி.மீ. வரை, ஜி.எக்ஸ். 160-இல் இன்லெட்டுக்கு 0.15, எக்ஸாஸ்ட்டுக்கு 0.20 மி.மீ. எஞ்சின் சூடேறும்போது வால்வு நீளும். அந்த நீட்சிக்கு விட்ட இடம் இது. இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும், வால்வு சற்றுத் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், இழுவை கொஞ்சம் குறையும். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது; வால்வு முழுதாக மூடாமல் எரியத் தொடங்கும். சத்தம் போடும் டேப்பட்டைச் சரிசெய்ய எல்லோரும் ஓடுகிறார்கள். ஓசையின்றி இறுகும் டேப்பட்தான் வால்வைத் தின்கிறது. அதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது, ஃபீலர் கேஜ்தான் சொல்லும்.

இடைவெளி இறுகக் காரணம் சீட் தேய்வது. வால்வு அடித்து அடித்துச் சீட்டுக்குள் இறங்கும்போது அதன் தண்டு ராக்கரை நோக்கி மேலேறுகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் ஈயம் சீட்டில் மெல்லிய படிவாக நின்று தேய்மானத்தைத் தடுத்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தபின், கடினச் சீட் இல்லாத பழைய எஞ்சின்களுக்கு இந்தத் தேய்மானம் கூடியது. உலர்ந்த எரிபொருளான இயற்கை எரிவாயுவில் ஓடும் எஞ்சின்களிலும் சீட் தேய்மானம் முக்கியமான கவலையாகவே இருக்கிறது.

வால்வு கெடும் வேறு வழிகளும் உண்டு. கைடில் கரியும் பிசினும் சேர்ந்தால் வால்வு பாதி திறந்த நிலையில் ஒட்டிக்கொள்ளும். குளிரில் சரியாக ஓடி, சூடானதும் நின்று, ஆறியதும் மீண்டும் ஸ்டார்ட் ஆகும் எஞ்சினில் இதைச் சந்தேகிக்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்தோ, நாள்பட்டுக் கெட்ட பெட்ரோலிலோ ஓடிய பம்பு எஞ்சின்களில் இது அதிகம். கைடு தேய்ந்தால் வால்வு ஆடி, ஒருபக்கமாக உட்காரும். ஆயில் இறங்கி நீலப்புகை வரும். ஸ்பிரிங் சோர்ந்தால் அதிவேகத்தில் வால்வு கேமின் வடிவத்தைப் பின்தொடர முடியாமல் மிதக்கும். வால்வு லாக் கழன்றால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டனையும் ஹெட்டையும் நொறுக்கும்.

டைமிங் தவறும் வழிகள்

செயின் நீள்வது என்று சொல்லப்படுவது உண்மையில் அதன் ஒவ்வொரு முள்ளிலும் விழும் தேய்மானத்தின் கூட்டுத்தொகை. இப்படி நீண்ட செயின் கேமைப் பின்தங்க வைக்கும். வால்வுகள் தாமதமாகும், கீழ் வேகத்தில் இழுவை குறையும், ஆக்சிலரேட்டரை விடும்போது எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து கரகரவென்ற ஓசை வரும். டென்ஷனரைக் கழற்றி அதன் தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்த்தாலே செயினின் வயது தெரிந்துவிடும்; தண்டு கடைசிப் பல்லுக்கு வந்திருந்தால் செயின் மாற்றும் காலம் வந்துவிட்டது.

பல் தாண்டுவது இதைவிடப் பெரிய தவறு. கேம் ஸ்ப்ராக்கெட்டில் 28 பல் இருந்தால் ஒரு பல் என்பது கேமில் சுமார் 13 டிகிரி. கிராங்க் கணக்கில் அது இரட்டித்துச் சுமார் 26 டிகிரி. ஒரு பல்தானே என்று விட முடியாத அளவு இது. கேம் ஒரு பல் பின்தங்கினால், இன்லெட் வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலேறத் தொடங்கி, உறிஞ்சிய கலவையின் ஒரு பங்கைக் கார்புரேட்டருக்கே திருப்பித் தள்ளிவிடும். கேம் ஒரு பல் முந்தினால் கீழ் வேகம் ஓரளவு சமாளிக்கும், மேல் வேகம் ஏறாது.

வால்வும் பிஸ்டனும் மோதும் ஆபத்திலும் இந்தத் திசை பேசுகிறது. முந்திய கேமில், மேலே நிற்கும் பிஸ்டனை நோக்கி இன்லெட் வால்வு அவசரமாக இறங்கும். பின்தங்கிய கேமில், மூடத் தாமதிக்கும் எக்ஸாஸ்ட் வால்வை மேலேறும் பிஸ்டன் துரத்திப் பிடிக்கும். ஆகவே எந்த வால்வு வளைந்திருக்கிறது என்பதே டைமிங் எந்தப் பக்கம் தவறியது என்பதற்கு ஒரு சாட்சி.

கேமின் மேடு தேய்வது இரண்டுக்கும் இடைப்பட்ட பழுது. டேப்பட் இடைவெளி அளக்கப்படுவது கேமின் வட்டப் பகுதியில். தேய்வதோ அதன் உச்சி. ஆகவே இடைவெளி சரியாகவே காட்டும், வால்வு கசியாது, ஆனால் போதுமான உயரம் திறக்காது. ஆயில் குறைந்தால் முதலில் வறளும் இடம் மேலே இருக்கும் இந்தக் கேம்தான். மேட்டின் உயரத்தை மைக்ரோமீட்டரில் அளந்து கையேட்டோடு ஒப்பிடுவதே இதற்கு முடிவான சோதனை.

பிரிக்காமல் செய்யும் சோதனைகள்

சோதனைகளுக்கு ஒரு வரிசை உண்டு. எதையும் கழற்றாமல் செய்யக்கூடியது முதலில், ஹெட்டைத் திறப்பது கடைசியில். ஹெட்டைக் கழற்றிய மறுகணம் அழுத்தம், கசிவு, இடைவெளி, குறிகளின் நிலை ஆகிய சாட்சியங்கள் எல்லாம் கலைந்துவிடும்.

முதலில் வரலாறு. பழுது திடீரென வந்ததா, மெல்ல வந்ததா? அண்மையில் செயின் மாற்றினார்களா, ஹெட் இறக்கினார்களா? ஆயில் எவ்வளவு இருக்கிறது? ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு சத்தத்தோடு நின்றது என்றால் செயின் அறுந்ததையோ வால்வு வளைந்ததையோ நினைக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுவை குறைந்தது என்றால் சீட், கைடு, செயின் தேய்மானம் முன்னுக்கு வரும். பட்டறைக்குப் போய் வந்த மறுநாளே தொடங்கியது என்றால் குறிகள் சேரவில்லை என்பதே முதல் ஊகம்.

அடுத்தது கிக்கர். பாதம் வைத்ததும் தடையின்றி இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. நடுவில் திருப்பி அடித்தால் பொறி முந்தி விழுகிறது. செல்ஃப் மோட்டார் உள்ள வண்டியில், வழக்கமான தம் பிடித்து விடும் ஓசைக்குப் பதிலாக மோட்டார் ஒரே சீராக வேகமாகச் சுற்றினால் அதுவும் கம்ப்ரஷன் இல்லாததன் அடையாளம்.

மூன்றாவது டேப்பட். எஞ்சின் முழுதாக ஆறியபின், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல்முனையில் பிஸ்டனை நிறுத்தி இரண்டு இடைவெளியையும் அளந்து, திருத்துவதற்கு முன் எழுதி வைக்க வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் சீட் தேய்வு. ஒன்று மட்டும் மிக அகன்றிருந்தால் வால்வு வளைந்து கீழே நிற்கிறதா, ராக்கர் தேய்ந்ததா என்று பார்க்க வேண்டும். எஞ்சினைக் கையால் சுற்றும்போது இரண்டு ராக்கரும் ஒரே அளவு ஆழம் அசைகின்றனவா என்பதும் இங்கேயே தெரியும்.

நான்காவது கம்ப்ரஷன் கேஜ். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, ஊசி மேலும் ஏறாத வரை கிக் செய்ய வேண்டும். நல்ல நிலையிலுள்ள 100 முதல் 125 சி.சி. பைக்குகள் பலவற்றில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 13 கிலோ வரை காட்டும். அந்தந்த எஞ்சினின் கையேடே இறுதி அளவு. குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கிறார்கள். ஊசி ஏறினால் ரிங் பழுது, ஏறாவிட்டால் வால்வு என்பது வழக்கமான கணக்கு. சிலிண்டர் கிட்டத்தட்டப் படுக்கையாக உள்ள எஞ்சின்களில் ஆயில் கீழ்ப்பக்கமே தேங்குவதால் இதை முழுதும் நம்ப முடியாது. எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கும் டீகம்ப்ரஷன் அமைப்பு உள்ள எஞ்சின்களிலும், ஜி.எக்ஸ். 160 உட்பட, கேஜ் இயல்பாகவே குறைத்துக் காட்டும்.

ஐந்தாவது காற்றுக் கசிவுச் சோதனை. கம்ப்ரஷன் மேல்முனையில் பிஸ்டனை நிறுத்தி, டாப் கியரில் போட்டுப் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்து, பிளக் துளை வழியே காற்று செலுத்துவது இதன் முறை. இரட்டை கேஜ் இருந்தால் கசிவு சதவீதத்தில் தெரியும். 10 சதவீதத்துக்குள் நல்ல நிலை, 25-ஐத் தாண்டினால் பழுது உறுதி. கேஜ் இல்லாத சிறு பட்டறையிலும் இதைச் செய்ய முடியும். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் இரும்பு உடலில் டியூப் வால்வைப் பற்றவைத்தால் பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் போதும். பிறகு காதுதான் கருவி. சைலன்ஸர் வாயில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் வாயில் கேட்டால் இன்லெட் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே சோப்பு நீர் நுரைத்தால் கேஸ்கெட்.

கம்ப்ரஷன், கசிவு ஆகிய இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் படிப்பதில்தான் வால்வும் டைமிங்கும் பிரிகின்றன. செயின் மாற்றி வந்த ஒரு 100 சி.சி. பைக் கேஜில் 6 கிலோதான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயில் விட்டும் ஏறவில்லை. வழக்கமான தீர்ப்பு: வால்வு போய்விட்டது, ஹெட்டை இறக்கு. ஆனால் காற்றுச் சோதனையில் எந்த வாயிலும் சீறல் இல்லை. அப்படியானால் வால்வுகள் நன்றாகவே மூடுகின்றன. மூட வேண்டிய நேரத்தில்தான் மூடவில்லை. பழுது டைமிங்கில், அல்லது கேமின் மேட்டில், அல்லது டீகம்ப்ரஷன் அமைப்பில். கம்ப்ரஷனும் குறைந்து கசிவும் கூடினால் மட்டுமே வால்வு, ரிங், கேஸ்கெட் மூன்றில் ஒன்று. காற்றுச் சோதனைக்குச் செலவிடும் கால் மணி நேரம் தேவையில்லாமல் ஹெட் இறக்கும் வேலையைத் தவிர்க்கிறது.

குறிகளைச் சரிபார்த்தல்

மேக்னட்டில் 'டி' எழுத்து மேல்முனையையும் 'எஃப்' எழுத்து பொறி விழும் இடத்தையும் காட்டும். 'டி' கோடு கேஸின் வெட்டோடு நேராகும்போது கேம் ஸ்ப்ராக்கெட்டின் குறியும் ஹெட்டில் உள்ள அதன் அடையாளத்தோடு நேராக வேண்டும். ஆனால் சாவி வெட்டுப்பட்ட எஞ்சினில் 'டி' கோடே பொய் சொல்லும். ஆகவே முதலில் உண்மையான மேல்முனையைக் கண்டறிய வேண்டும். பிஸ்டன் முழுதாக மேலேற விடாமல் தடுக்கும் ஒரு முனையைப் பிளக் துளையில் பொருத்தி, எஞ்சினை மெல்லக் கையால் ஒருபுறம் சுற்றி நின்ற இடத்தில் மேக்னட்டில் கோடிட வேண்டும். பிறகு மறுபுறம் சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவே இருப்பது மேல்முனை. 'டி' அங்கே இல்லையென்றால் மேக்னட்டைக் கழற்றிச் சாவியைப் பார்க்க வேண்டும்.

வால்வு டைமிங்கை விரைவாக மதிப்பிட இன்னொரு வழி உண்டு. எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் மேல்முனையில், பல எஞ்சின்களில் இரண்டு வால்வும் சிறிதளவு ஒன்றாகத் திறந்திருக்கும். அந்த இடத்தில் ஒன்று நன்றாகத் திறந்தும் மற்றது முழுதாக மூடியும் இருந்தால் கேம் பல் தவறியிருக்கிறது. இறுதியாக, ஓடும் எஞ்சினில் டைமிங் லைட் காட்டினால் பொறி 'எஃப்' கோட்டில் விழுகிறதா என்பது தெரியும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்து இன்ஜெக்ஷன் பரவியபின், மின்னணுப் பகுதியின் பழுதைக் கருவி குறியீடாகச் சொல்லிவிடுகிறது. எரிந்த வால்வையும் இறுகிய டேப்பட்டையும் அந்தக் குறியீடு நேரடியாகப் பெயர் சொல்லாது. அங்கே பழைய சோதனைகளே வழி.

ஹெட்டைத் திறந்த பின்

பிஸ்டன் தலையில் பிறை வடிவில் பளபளக்கும் தழும்பு இருந்தால் வால்வு மோதியிருக்கிறது. கண்ணுக்கு நேராகத் தெரியும் வால்வும் வளைந்திருக்கலாம்; தட்டையான கண்ணாடிமேல் உருட்டினால் தண்டின் நெளிவும், வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்றினால் அதன் அளவும் தெரியும். வளைந்த வால்வை நிமிர்த்திப் போடக் கூடாது. அது ஓட்டத்தில் முறிந்து விழும்.

வால்வு நேராக இருந்து, சீட்டில் லேசான குழி மட்டும் இருந்தால் லேப்பிங் போதும். வால்வின் முகத்தில் பசை தடவி, உறிஞ்சு கப் பொருத்திய குச்சியை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே மத்து கடைவதுபோல் சுழற்றி, இடையிடையே தூக்கி இடம் மாற்ற வேண்டும். சீட்டில் இடைவெளியற்ற ஒரு மங்கல் சாம்பல் வளையம் விழுந்ததும் நிறுத்த வேண்டும். அந்த வளையத்தின் அகலம் சிறு எஞ்சின்களில் பொதுவாக 1 மி.மீ.யை ஒட்டி இருக்கும். அது மிக அகன்றால் சீட்டின் அழுத்தம் குறைந்து கரி சிக்கும், மிகக் குறுகினால் வெப்பம் இறங்காது. சீட் ஆழமாகத் தேய்ந்திருந்தால் லேப்பிங் உதவாது. லேத் பட்டறையில் 45 டிகிரி கட்டரால் சீட் வெட்டி, பக்கக் கட்டர்களால் அகலத்தைத் திருத்த வேண்டும். பசையின் ஒரு துகளும் மிஞ்சாமல் ஹெட்டைக் கழுவி, வால்வுகளைப் பூட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிச் சில நிமிடம் பார்க்க வேண்டும். எரியறைப் பக்கம் ஈரம் கசியாவிட்டால் வேலை முடிந்தது.

காரணத்தைத் தேடுதல்

புதிய வால்வு போட்டுப் பூட்டுவதற்கு முன் பழைய வால்வு ஏன் கெட்டது என்பதற்கு விடை வேண்டும். வால்வு எரிந்திருந்தால், எழுதி வைத்த டேப்பட் அளவு விடை சொல்லும். அது சரியாக இருந்திருந்தால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறியதா, கைடு ஆடுகிறதா, பொறி பின்தங்கியதா என்று பார்க்க வேண்டும். வால்வு வளைந்திருந்தால் செயினும் டென்ஷனரும் அவற்றின் ரப்பர் கைடுகளும் மாற வேண்டும். பழைய டென்ஷனரோடு புதிய வால்வைப் பூட்டுவது அடுத்த மோதலுக்கு நாள் குறிப்பது. கேம் தேய்ந்திருந்தால் ஆயில் வழியின் அடைப்பும் ஆயில் பம்பும் சோதிக்கப்பட வேண்டும். சாவி வெட்டுப்பட்டிருந்தால் புதிய சாவியோடு, மேக்னட்டும் கிராங்கும் சேரும் கூம்பு முகங்களைத் துடைத்து உலர்த்தி, நட்டைக் கையேடு சொல்லும் முறுக்கு விசையில் இறுக்க வேண்டும்; ஃப்ளைவீலை உண்மையில் பிடித்து வைப்பது அந்தக் கூம்பின் இறுக்கம்தான், சாவி இடம் காட்ட மட்டுமே.

பூட்டியபின் ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சினைக் கையால் கிராங்க் கணக்கில் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்காவது கெட்டியாக முட்டினால் அங்கேயே நிறுத்திக் குறிகளை மறுபடி பார்க்க வேண்டும். முட்டாமல் சுற்றி, குறிகள் மீண்டும் நேராகி, டேப்பட் அளவு சரியாக இருந்தால் எஞ்சின் ஓடத் தயார். சில நூறு கிலோமீட்டர் ஓடி, புதிய சீட் படிந்தபின், ஆறிய எஞ்சினில் டேப்பட்டை மீண்டும் ஒருமுறை அளந்தால் இந்தப் பழுதறிதல் நிறைவு பெறுகிறது.